மூச்சு வாங்காமல் படி ஏற: உள்மூச்சுத் தசைகளுக்கு ஆறு வாரப் பயிற்சி

திருத்தணி மலைக் கோயிலுக்கு 365 படி. ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அதில் பாதி ஏறுவதற்குள் எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அப்போது நான் வாரம் மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்தவன். கால் வலிக்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை, மூச்சு மட்டும் போதவில்லை. தேங்காய்த் தட்டோடு ஒரு பாட்டி பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்.

காலுக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுக்கிற நாம் மூச்சை இழுக்கிற தசைகளை மட்டும் அதுவாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். அவையும் தசைகள்தான். பளு கொடுத்தால் வலுக்கும், கொடுக்காவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்கும். இந்தப் பயிற்சிக்கு இன்ஸ்பிரேட்டரி மசில் டிரெயினிங் என்று பெயர். பிசியோதெரபிஸ்டுகள் சுருக்கமாக ஐஎம்டி என்பார்கள். தினம் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் தப்பாகச் செய்ய நிறைய வழி இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தடுப்புச் சுவர்

மூச்சு வாங்குவதற்குத் தசை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, ராத்திரி மூச்சுத்திணறி எழுந்து உட்காருகிறீர்கள், கணுக்கால் வீங்குகிறது, நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, சளியில் ரத்தம் வருகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். திடீரென்று ஒரே நாளில் வந்த மூச்சுத்திணறல் என்றால் 108. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமந்து போக ஆள் இல்லாதபோது மூச்சுத் தசையை வலுப்படுத்தி என்ன செய்வது? பெண்களுக்கு 12க்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே என்றால் முதல் வேலை ரத்தசோகையைச் சரிசெய்வதுதான்.

இந்தப் பயிற்சியைத் தொடவே கூடாதவர்களும் உண்டு. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து, அதாவது நியூமோதொராக்ஸ் வந்து, ஒருமுறை படுத்தவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், அண்மையில் நெஞ்சிலோ வயிற்றிலோ காதிலோ அறுவை சிகிச்சை ஆனவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள், ரத்தக்குழாய்ச் சுவர் பலூன்போல் உப்பியிருப்பவர்கள், அதாவது அனியூரிசம் உள்ளவர்கள், ஆஸ்துமா கட்டுக்குள் வராதவர்கள். இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். சளி, ஜுரம் உள்ள நாட்களில் யாருக்கும் வேண்டாம்.

எதை வலுப்படுத்துகிறோம்

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. விலாக்கூட்டின் அடியில் விரித்த குடைபோல நிற்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழே இறங்கும்போது நெஞ்சுக்குள் இடம் பெரிதாகிறது, காற்று உள்ளே வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது ஓரிரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கும். ஆழமாக இழுக்கும்போது பத்து சென்டிமீட்டர்வரை போகும். விலாக்களுக்கு இடையே உள்ள தசைகள் கூட நின்று உதவும். மூச்சு வாங்கும்போது கழுத்துத் தசைகளும் சேர்ந்துகொள்ளும். ஓடி முடித்தவரின் கழுத்தைப் பாருங்கள், நரம்பும் தசையும் புடைத்து நிற்கும்.

ஓய்வில் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்று போதும். கடுமையாக ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டும். இந்த வேலைக்கும் ரத்தம் வேண்டுமல்லவா? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் டெம்ப்சியின் குழு 1990களில் இதை அளந்தது. உச்சகட்ட உழைப்பில் இதயம் அனுப்பும் ரத்தத்தில் 14 முதல் 16 சதவீதம்வரை மூச்சுத் தசைகளுக்கே போய்விடுகிறது என்று கண்டார்கள். உதரவிதானம் களைத்துவிட்டால் அங்கிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். உடம்பின் கணக்கில் மூச்சுதான் முதல், கால் அப்புறம். கால் கனத்துப்போவதாக நமக்குத் தோன்றுவதில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது.

மூச்சு முட்டும் உணர்வும் இப்படித்தான். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைச் சுமை தூக்குபவர் தூக்கினாலும் நான் தூக்கினாலும் எடை ஒன்றுதான். அவருக்கு அது வலுவில் கால் பங்கு, எனக்கு முக்கால் பங்கு. தசை வலுத்தால் அதே காற்றை இழுக்க மூளை போடும் கட்டளை குறைகிறது, திணறலும் குறைகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதனால் நுரையீரல் பெரிதாகாது. பெரும்பாலான ஆய்வுகளில் விஓடூ மேக்ஸ் எண்ணும், அதாவது உச்ச உழைப்பில் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவும், அசையவில்லை. "நுரையீரல் கொள்ளளவைக் கூட்டுங்கள்" என்று விற்கிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

கருவி: மூன்று பந்து இதற்கு உதவாது

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, உறிஞ்சினால் மூன்று பந்தும் மேலே ஏறுகிற பெட்டி. கொரோனாவுக்குப் பிறகு பல வீட்டு அலமாரியில் அது தூங்குகிறது. அதன் வேலை வேறு. படுத்தே கிடக்கும் நோயாளியை ஆழமாக மூச்சிழுக்க வைத்து நுரையீரலின் மூலைகள் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. அதில் பளு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மூன்று பந்தையும் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தாலும் உதரவிதானம் வலுக்காது.

பிராணாயாமமும் வேறு விஷயம். மூச்சை மெதுவாக்கவும் பதற்றத்தை அடக்கவும் நல்லது. நானே செய்கிறேன். ஆனால் வெறுங்கையை மடக்கி நீட்டுவதற்கும் டம்பெல்லோடு மடக்கி நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் இருக்கிறது. சடுகுடுவில் தம் கட்டிப் பாடிப் போகிறவருக்கு மூச்சைச் சிக்கனமாக விடத் தெரியும். அது கட்டுப்பாடு, வலு அல்ல. நாகஸ்வரமும் சங்கும் ஊதுவது வெளிமூச்சுத் தசைகளின் வேலை. ஓட்டத்திலும் படியேற்றத்திலும் திணறுவது பெரும்பாலும் உள்மூச்சு. ஜிம்மில் சிலர் மாட்டிக்கொள்ளும் கறுப்பு முகமூடி மலை உயரத்தைக் கொண்டுவராது, காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் அதே அளவுதான். அதை மாட்டிக்கொண்டு ஓடினால் மெதுவாகத்தான் ஓட முடியும், கால்களுக்கான பயிற்சியும் கெடும்.

வாங்க வேண்டியது திரெஷோல்ட் வகை. உள்ளே வில்லோடு ஒரு வால்வு. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு இழுத்தால்தான் திறக்கும், அதுவரை ஒரு துளி காற்று வராது. திருகைச் சுற்றினால் பளு ஏறும். துளையைச் சிறிதாக்கிப் பளு கொடுக்கும் மலிவான கருவிகளும் உண்டு. அவற்றில் மெதுவாக இழுத்தால் பளுவே தெரியாது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம்.

வாங்குமுன் அளவுகோலைப் பாருங்கள். இந்த அழுத்தத்தைச் சென்டிமீட்டர் நீர் என்ற அலகில் சொல்வார்கள். நலமாக உள்ள பெரியவர்கள் பலரால் 80 முதல் 120வரை இழுக்க முடியும். மருத்துவப் பயன்பாட்டுக்கான பிலிப்ஸ் திரெஷோல்ட் ஐஎம்டி கருவி 9 முதல் 41வரைதான் போகும். நோயிலிருந்து மீள்பவருக்கு அது பொருத்தம். ஓடுகிறவருக்கு இரண்டாம் வாரமே பற்றாது. விளையாட்டுக்கென்று வரும் கருவிகளில் லைட், மீடியம், ஹெவி என்று வகைகள் உண்டு. முதன்முறை வாங்குகிறவர் ஹெவி பக்கம் போக வேண்டாம்.

ஆரம்பிக்குமுன் இரண்டு நாள்

கருவியைத் தொடாதீர்கள். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தொப்புள்மேல் ஒரு கனமான புத்தகம் வைத்து மூச்சை இழுங்கள். புத்தகம் ஏற வேண்டும், தோள் ஏறக்கூடாது. கீழ் விலாவின் இரு பக்கமும் கைவைத்துப் பார்த்தால் விலா பக்கவாட்டில் விரிவது தெரியும். அந்த விரிவுதான் வேண்டும். படுத்தபடி வந்தபின் உட்கார்ந்து, அப்புறம் நின்று.

கூடவே ஓர் ஆரம்ப அளவு எடுத்து வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளின் நுரையீரல் பிரிவில் எம்ஐபி பரிசோதனை, அதாவது உங்களால் இழுக்க முடிந்த உச்ச அழுத்தத்தை அளப்பது, கிடைத்தால் நல்லது, முழு வலு எவ்வளவு என்று எண் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு மாடிப்படி போதும். மூன்று மாடி, நிற்காமல், ஒரே வேகத்தில். மேலே போய்ச் சேர்ந்ததும் மூச்சு வாங்குவதற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போடுங்கள். சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் கொடுத்த அளவுகோல் இது. 0 என்றால் ஒன்றுமில்லை, 3 மிதம், 5 கடுமை, 10 இதற்கு மேல் முடியாது. நாடித்துடிப்பையும் தேதியோடு குறித்து வையுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பித்துவிட்டு, பலன் வந்ததா இல்லையா என்று தெரியாமலே கருவியைப் பரணில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மூச்சு எப்படி இருக்க வேண்டும்

நேராக உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். மூக்குக்குக் கிளிப் போடுங்கள். துணி கிளிப் வேண்டாம், பட்டறிவு. வாய்க்குழலை உதட்டால் காற்று கசியாமல் கவ்விக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற காற்றை முடிந்தவரை வெளியே விடுங்கள், வயிறு ஒட்டும்வரை. பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். பாதிக் காற்றை உள்ளேயே வைத்துக்கொண்டு இழுத்தால் தசை பாதி தூரம்தான் வேலை செய்யும்.

இப்போது வேகமாக, பலமாக இழுங்கள். இளநீரை ஸ்டிராவில் உறிஞ்சுவதுபோல் கன்னம் ஒட்டக்கூடாது, வேலை கீழ் விலாவில் நடக்க வேண்டும். ஒன்றரை இரண்டு நொடியில் நெஞ்சு நிறைந்துவிட வேண்டும். வால்வு மூடிக்கொண்டாலும் இன்னும் கொஞ்சம் இழுக்க முயலுங்கள். பிறகு அவசரமே இல்லாமல் மூன்று நான்கு நொடி எடுத்து வெளியே விடுங்கள், தசையைத் தளர்த்தினால் காற்று தானாகப் போகும். அடுத்த மூச்சுக்கு ஆசை வரும்வரை காத்திருங்கள்.

இந்தக் காத்திருத்தல் முக்கியம். முதல் நாள் நான் 30 மூச்சையும் ஒன்றேகால் நிமிடத்தில் முடித்துவிட்டு, தலை சுற்றி, விரல் மரத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேகமாக நிறைய மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், அதன் விளைவு அது. 30 மூச்சுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆனால் சரியான வேகம். தலை லேசாகச் சுற்றினால் நிறுத்தி, சாதாரணமாக மூச்சுவிட்டு, பிறகு தொடருங்கள்.

பளு: எங்கே ஆரம்பிப்பது, எப்போது ஏற்றுவது

ஆய்வுகளில் அதிகம் சோதிக்கப்பட்ட அளவு, ஒருவரின் முழு வலுவில் பாதி. 30 மூச்சு, காலையும் மாலையும். எம்ஐபி 100 என்று தெரிந்தால் 50ல் வைத்துக்கொள்ளலாம். தெரியாதவர்களுக்கு இந்த வழி.

முதல் மூன்று நாள் கருவியின் ஆகக் குறைந்த அளவில் மூச்சின் வடிவத்தை மட்டும் பழகுங்கள். நான்காம் நாள் அரைச் சுற்று ஏற்றி 30 முயலுங்கள். இந்தத் தசை தோற்பது கையால் எடை தூக்கும்போது தோற்பதுபோல் இருக்காது. நுரையீரல் நிறைய நிறைய உள்மூச்சுத் தசையின் வலு குறைந்துகொண்டே போகும். அதனால் களைத்ததும் மூச்சின் கடைசிப் பகுதிதான் முதலில் வெட்டுப்படும். "முழுசாக இழுத்த நிறைவு" வராமல் பாதியிலேயே வால்வு அடைக்கும். இரண்டு மூச்சு தொடர்ந்து அப்படி ஆனால் அன்றைய கணக்கு அவ்வளவுதான். 20க்கு முன்பே அது வந்தால் பளு அதிகம், கால் சுற்று குறையுங்கள். 25க்கும் 30க்கும் நடுவில் வந்தால் அதுதான் உங்கள் இடம். 30ஐத் தாண்டியும் தெம்பாக இருக்கிறீர்கள் என்றால் மறுநாள் கால் சுற்று ஏற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது ஏற்ற வேண்டியிருக்கும். ஆறு வாரமும் ஒரே எண்ணில் இழுத்தவருக்கு முதல் இரண்டு வாரத்தோடு பலன் நின்றுபோகும்.

சாப்பிட்டவுடன் வேண்டாம். வாரம் ஐந்து அல்லது ஆறு நாள், ஒரு நாளாவது ஓய்வு. முதல் வாரத்தில் விலாப்பக்கம் லேசாக வலித்தால் அது தசை வலி. குத்துகிற வலியோ காதில் அடைப்போ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் எண் வேகமாக ஏறும். அதில் பெரும்பங்கு நரம்பு பழகுவதால் வருவது, தசை தடிப்பது அப்புறம்தான். மூன்றாம் வாரத்தில் பலருக்குச் சலிப்பு வரும், ஏனென்றால் படியில் இன்னும் பெரிய வித்தியாசம் தெரியாது. பல் தேய்ப்பதோடு சேர்த்துக்கொண்டால் விடாமல் நடக்கும். எனக்கு நாலரை வாரத்தில் ஒருநாள், மேம்பாலத்தில் ஓடிக்கொண்டே நண்பரிடம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

2001ல் வெளியான ஓர் ஆய்வில் துடுப்புப் படகுப் பெண் வீராங்கனைகள் 11 வாரம் இதைச் செய்தார்கள். உள்மூச்சு வலு 45 சதவீதம் கூடியது. ஆறு நிமிட முழுவேகத் துடுப்பில் அவர்கள் கடந்த தூரம் 3.5 சதவீதம் கூடியது, பேருக்குப் பளு வைத்த குழுவுக்கு 1.6. அடுத்த ஆண்டு சைக்கிள் வீரர்களிடம் நடந்த ஆய்வில் 20 கிலோமீட்டர் நேரம் 3.8 சதவீதமும் 40 கிலோமீட்டர் நேரம் 4.6 சதவீதமும் குறைந்தது. எல்லா ஆய்வும் இப்படி வந்துவிடவில்லை, பலன் தெரியாத ஆய்வுகளும் உண்டு, பலவற்றில் ஆட்களும் குறைவு. பந்தயக்காரருக்கு இந்தச் சில சதவீதம் பெரிது. நம்மைப் போன்றவருக்கு நேரத்தைவிட "அதே படி, குறைந்த திணறல்" என்பதுதான் லாபம்.

பக்கப் பலனாக ஒன்று. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2021ல் வெளியான ஆய்வில், 50 முதல் 79 வயதுக்காரர்கள் 75 சதவீதப் பளுவில் தினம் 30 மூச்சு, வாரம் ஆறு நாள், ஆறு வாரம் இழுத்தார்கள். மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. 36 பேர் கொண்ட சிறு ஆய்வு அது. இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது மடத்தனம்.

நான்காம் வாரத்திலிருந்து: களத்துக்கு

வந்த வலுவைப் பயன்படுத்தவும் பழக வேண்டும். ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் முன், வழக்கமான பளுவைக் கொஞ்சம் குறைத்து, முழு வலுவில் 40 சதவீத அளவுக்கு, 30 மூச்சு வீதம் இரண்டு சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. காலுக்கு வார்ம்-அப் கொடுக்கிறோமே, அதுபோல. முதல் கிலோமீட்டரில் வரும் அந்தத் திணறல் குறையலாம்.

படி ஏறும்போது குனிந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டு ஏறாதீர்கள். வயிறு மடிந்தால் உதரவிதானம் இறங்க இடமில்லை. சைக்கிளில் தாழக் குனிந்து ஓட்டுகிறவர்களும், கழுத்துவரை தண்ணீர் நெஞ்சை அழுத்தும் நீச்சல்காரர்களும் மற்றவர்களைவிட அதிக வேலை செய்துதான் மூச்சிழுக்கிறார்கள், அதனால் இந்தப் பயிற்சி அவர்களுக்குக் கூடுதல் பொருத்தம். நின்று இளைப்பாறும்போது கையை முழங்காலில் ஊன்றிக் குனிவது தவறல்ல. கை ஊன்றியிருந்தால் தோள் தசைகளும் விலாவைத் தூக்க உதவும். வெட்கப்படாமல் ஊன்றுங்கள்.

சிஓபிடி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும்

பீடி சிகரெட்டாலும், ஆண்டுக்கணக்கில் விறகடுப்புப் புகையாலும் வருவது சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அதில் காற்று உள்ளேயே தேங்கி, நுரையீரல் உப்பி, குடையாக இருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான தசைக்கு இழுக்க வலு குறைவு. இவர்கள் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் 30 சதவீதப் பளுவில், ஐந்தைந்து மூச்சாக, நடுவில் ஓய்வெடுத்துத் தொடங்கலாம். நடைப்பயிற்சியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்வதில் அர்த்தமில்லை. மூச்சு வாங்கும் நேரத்தில் கைகொடுப்பது வேறொரு வித்தை: மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுவது. அப்பா, தாத்தாவுக்குக் கருவி வாங்கிக் கொடுக்குமுன் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

அதே மூன்று மாடி, அதே வேகம், அதே மதிப்பெண். எனக்கு 7 என்று எழுதிவைத்தது 4 ஆகியிருந்தது, நாடித்துடிப்பு ஏறக்குறைய அதேதான். பளுவின் எண் ஏறியும் மாடியில் எதுவும் மாறவில்லை என்றால் உங்கள் திணறலுக்குக் காரணம் இந்தத் தசை இல்லை. எடை, ரத்தசோகை, இதயம், ஆஸ்துமா என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

பலன் வந்தவர்கள் வாரம் ஆறு நாளை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம், கிடைத்த வலுவைக் காக்க அது போதும். பளுவை மட்டும் குறைக்காதீர்கள். முழுவதும் விட்டுவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கணிசமாக இறங்கிவிடும்.

கருவியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் வாரம் இருமுறையாவது கழுவி, உதறி, நிழலில் காயவையுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வளைந்து வால்வு கசியும். வீட்டில் இருவர் செய்தால் இரண்டு கருவி. எச்சில் பட்ட குழலை மாற்றி மாற்றி வாயில் வைத்து என் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சளி சுற்றிவந்தது.